"ஊது" என்று நான் சொல்லாத பிள்ளை

ஆண்டவரின் கையைப் பிடித்து நடக்கும் என் உடன்பிறப்புகளுக்கு, திருமுல்லைவாயில் செல்வராணியின் ஸ்தோத்திரம். மைக் பிடித்துப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன். இதை என் மகள் ஹெப்சிபாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "என் பேரையும் போடுமா, அப்பதான் மத்த பொண்ணுங்க நம்புவாங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

குடி என்ற சொல்லே எனக்கு ஆகாது. என் கூடப்பிறந்த தம்பி குடித்தே போய்ச் சேர்ந்தான். சித்தப்பாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் குடிக்குப் பலியானவர்கள் எல்லோரும் ஆண்கள். அதனால் என் மகன் ஜோயலுக்கு மீசை அரும்பியதுமே எனக்குத் தூக்கம் போய்விட்டது.

நான் பயந்தபடியே நடந்தது. ஐடிஐ முடித்த சந்தோஷத்தில், பதினெட்டு வயதில், நண்பர்களோடு மைதானத்தில் உட்கார்ந்து பீர் குடித்தான். அவன் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பையன்கள் குடித்தால் ஊருக்கே தெரியும். அன்று நான் தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் அவனே பயந்துபோனான். "இனிமே தொடமாட்டேன்மா" என்றான். நான் நம்பவில்லை.

பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தான். தினமும் வேலை முடிந்து வரும்போது வாசலிலேயே நிறுத்துவேன். "ஊது" என்பேன். டிராபிக் போலீஸ் என்னிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"யம்மா, கிரீஸ் நாத்தத்தோட வந்துகினு கீறேன். இதுல இன்னாத்த மோந்து பாக்கப் போற?"

"கதை பேசாம ஊதுடா நைனா."

ஊதுவான். நானும் முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே விடுவேன். ஹெப்சி அப்போது பதினொன்றாம் வகுப்பு. ஹாலில் புத்தகத்தோடு உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாயில் எப்போதும் கிராம்பு. கேட்டால் பல்வலி என்பாள். பாவம் பிள்ளை என்று நானே கடையில் கிராம்பு வாங்கிக் கொடுத்தேன். என் மூக்கின் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

எங்கள் சபையில் சனிக்கிழமைதோறும் பெண்களின் உபவாச ஜெபம் உண்டு. ஒவ்வொரு வாரமும் ஒரு வீடு. அவரவர் பாரத்தை எழுந்து நின்று சொல்ல வேண்டும். பிறகு எல்லோரும் முழங்காலில் நின்று, அந்தப் பேரைச் சொல்லிச் சத்தமாக ஜெபிப்போம். பெற்றவர்கள் சொல்லும் பேர் பெரும்பாலும் பையன்களின் பேர்தான். பெண் பிள்ளைகளுக்கு என்றால் பரீட்சை, பிறகு கல்யாணம். நான் எழுந்தாலே ஜோயலுக்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஜெபத்துல என் பேரு வராத வாரமே இல்ல. ஒரு பீருக்கு இவ்ளோ பில்டப்பா?" என்று அவன் குமுறுவான். நான் விடவில்லை.

சென்ற டிசம்பரில், அரையாண்டு விடுமுறை விட்டதும் வந்த சனிக்கிழமை, ஜெபம் எங்கள் வீட்டில். என் கணவர் டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிட்டார். ஜோயலை மட்டும் லீவு போட வைத்தேன். பாஸ்டரம்மா அவன் தலையில் கை வைத்து ஜெபிக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். ஹெப்சி தலைவலி என்று உள் அறையில் படுத்திருந்தாள். வந்தவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்ததே அவள்தான், அதனால் நானும் தொந்தரவு செய்யவில்லை.

ஜெபம் உச்சத்தில் இருந்தது. வீடு முழுக்க "ஜோயலை விடுதலையாக்கும் ஆண்டவரே" என்ற சத்தம். அந்த ஜோயலுக்குத்தான் கூச்சம் தாங்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்து, தங்கையின் அறைக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்திருக்கிறான்.

அடுத்த நிமிஷம் அவன் கத்தியது ஜெபச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "யம்மா! ஹெப்சி எய்ந்துக்க மாட்டேங்கிறா! உடம்பு ஜில்லுனு கீது!"

ஓடினேன். மல்லாந்து கிடந்தாள். வாயோரம் வாந்தி. கட்டிலுக்கு அடியில் அவளுடைய பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில் உருண்டு கிடந்தது. அதில் இருந்தது தண்ணீர் இல்லை. என் தம்பியின் அறையில் அடித்த அதே வாடை. நான் அழ ஆரம்பித்துவிட்டேன். ஜோயல்தான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்துவிட்டான். "அழாதமா, ஆட்டோ கூப்புடு" என்று என்னை அதட்டினான். தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஓடினான். ஆவடி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவள் மூச்சு வருகிறதா என்று என் கை அவள் மூக்கருகிலேயே இருந்தது. அழகாக ஜெபிக்க எனக்கு வார்த்தை வரவில்லை. "பிள்ளையக் குடுத்துடுப்பா" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனேன்.

அவள் கண் விழித்தது சாயங்காலம். வாந்தி நுரையீரலுக்குள் போயிருந்தால் பிள்ளை மிஞ்சியிருக்க மாட்டாள், அண்ணன் சமயத்தில் திருப்பிப் போட்டதால் தப்பினாள் என்றார் டாக்டரம்மா. பிறகு என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார்.

"பசங்க கும்பலா வெளியில குடிப்பாங்க, மாட்டிக்குவாங்க. பொண்ணுங்க ரூமுக்குள்ள தனியா குடிப்பாங்க. நாம சந்தேகப்படவே மாட்டோம். அதே அளவு குடிச்சாலும் பொண்ணு உடம்ப சீக்கிரம் சாய்ச்சிடும்மா. இவ பதினாலு வயசுலயே ஆரம்பிச்சிருக்கா. சின்ன வயசுல தொட்டா பழக்கம் சீக்கிரம் ஒட்டிக்கும், விடுறது கஷ்டம். ஆனா விடலாம். திட்டாம கூட்டிட்டு வாங்க."

பதினாலு வயதில், மண்ணூர்பேட்டையில் ஒரு தோழி வீட்டுப் பிறந்தநாளில், கூல்டிரிங்க்ஸில் கலந்து விளையாட்டாகக் குடித்ததாம். அப்புறம் பரீட்சை பயத்துக்கு. அப்புறம் தூக்கம் வருவதற்கு. தோழியின் அப்பாவுடைய அலமாரியிலிருந்து சரக்கு இவளுடைய தண்ணீர் பாட்டிலுக்கு இடம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. எனக்கு ஆத்திரம் வந்தது. பிள்ளை மேல் இல்லை, ஆண்டவர் மேல். இரண்டு வருஷமாக வயிற்றைக் காயப்போட்டு யாருக்காகக் கதறினேன்? ஆபத்தில் இருந்த பிள்ளையை விட்டுவிட்டு, ஆபத்தே இல்லாத பிள்ளைக்காகவா? ஒரு வார்த்தை எனக்குச் சொல்லக் கூடாதா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரோடு சண்டையே போட்டேன்.

அதற்குப் பதில் மறுநாள் ஹெப்சியின் வாயிலிருந்தே வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, நீங்கல்லாம் 'ஜோயலை விடுதலையாக்கும்'னு சொல்றப்பல்லாம், நான் ரூமுக்குள்ள 'ஹெப்சியை'னு மாத்திச் சொல்லிக்குவேன்மா. என்னால வெளில சொல்ல முடியல. அண்ணன் பேருல நானும் ஏறிக்கினேன்."

அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுததைச் சொல்லி முடியாது. ஒரு ஜெபம்கூட வீணாகவில்லை. அன்றைக்கு ஜோயல் வேலைக்குப் போயிருந்தால் அந்த அறைக்குள் யார் போயிருப்பார்கள்? அவனுக்காக வைத்த ஜெபம்தான் அவனை வீட்டில் உட்கார வைத்தது. அந்தச் சத்தம் தாங்காமல்தான் தங்கையின் அறைக்கு ஓடினான். நான் சொன்ன பேர் தப்பு. கேட்ட ஆண்டவருக்கு ஆள் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் பொய். வாராவாரம் கவுன்சிலிங் போனோம். பொங்கல் விடுமுறையில் ஒருமுறை தவறினாள். ஆனால் அவளே வந்து சொன்னாள். அவள் அப்பா ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை, அடுத்த முறை டெம்போவிலேயே கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். அதற்கப்புறம் தொடவில்லை. இப்போது பிளஸ் டூ. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, அண்ணனோடு சண்டையும் போடுகிறாள். எங்கள் வீட்டில் கிராம்பு இப்போது பிரியாணிக்கு மட்டும்தான்.

சனிக்கிழமை ஜெபமும் மாறியிருக்கிறது. நான் எழுந்து நடந்ததைச் சொன்ன வாரம், கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரி சமையலறைக்கு வந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "என் பொண்ணும்தான் செல்வராணி" என்றார். இப்போது பையன், பெண் என்று பிரிக்காமல் எல்லாப் பிள்ளைகளின் பேரையும் சொல்லி ஜெபிக்கிறோம்.

வாசலில் "ஊது" என்று நான் சொல்வதும் நின்றுவிட்டது. ஆனால் போன வாரம் வேலை முடிந்து வந்த ஜோயல், பழக்க தோஷத்தில் என் முன்னால் வந்து நின்றான். பின்னாலேயே டியூஷன் முடிந்து வந்த ஹெப்சி, அவனைத் தள்ளிவிட்டு, "மொதல்ல நான்!" என்று என் முகத்தில் ஊதினாள். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துக் கடைப் பானிபூரி வாசனை. மூன்று பேரும் சிரித்தோம்.

இதைப் படிக்கிற அம்மாக்களே, அப்பாக்களே, உங்கள் பிள்ளைக்காக ஜெபிப்பதை விடாதீர்கள். எந்தப் பிள்ளைக்கு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அவருக்குத் தெரியும். ஜெபித்து எழுந்ததும், சத்தமே இல்லாத அந்த இன்னொரு அறைக் கதவையும் தட்டி, "சாப்ட்டியாமா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள்.