மெர்சிங்குக்கு அண்ணனைக் கூப்பிடப் போனேன்

ரப்பர் விலை விழுந்து தோட்டங்கள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த சமயம். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் உபதேசியாராக இருந்த அப்பாவுக்கும் சீட்டு வந்தது. ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை அப்பாவும் அம்மாவும் ஊருக்குக் கப்பலேற வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறுதான் தோட்டத்துச் சிற்றாலயத்தில் அப்பாவின் கடைசி ஆராதனை. அதற்குள் மெர்சிங் போய், நான்கு வருஷமாக வீட்டுப் பக்கம் வராத என் அண்ணன் தாவீதைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். தனியாகப் போக நினைக்கும் பெண்களுக்கு உதவட்டும் என்று வழியையும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஜொகூர் பாருவில் ஆசிரியை. மதராசில் பி.ஏ. படித்தவள். படிப்பு கூச்சத்தைப் போக்கும் என்று சொல்வார்கள், எனக்குப் போகவில்லை. பஸ்ஸில் சீட்டு கேட்கக்கூட இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சந்தைக்கு எதிரே பஸ் நின்றது. எண்பத்தைந்து மைல், இரண்டு வெள்ளி இருபது காசு. டிரைவர் நாகப்பட்டினத்து மரைக்காயர். நான் தனியாக வந்திருப்பதைப் பார்த்து முன்வரிசையில் இடம் ஒதுக்கினார்.

“மெர்சிங்குல என்ன தங்கச்சி பாக்கப் போறீங்க? கருவாட்டு வாடையும் காத்தும்தான் இருக்கு,” என்றார்.

அண்ணனைப் பார்க்க என்றேன். 

கோத்தா திங்கியை ஒன்பது மணிக்கு அடைந்தோம். அங்கே அரை மணி நிற்கும். காப்பியும் ரொட்டியும் கிடைக்கும். அதற்கப்பால் ரப்பர் மரங்கள் விட்டு விட்டு வந்தன, நடுவே காடு. கொட்டை வெடிக்கிற மாதம் அது. பஸ் மேட்டில் திணறி நிற்கும்போதெல்லாம் மரத்தில் ‘டப்’ என்று சத்தம் கேட்டது. சிறுவயதில் அண்ணன் ரப்பர் கொட்டையைக் கல்லில் சூடேறத் தேய்த்து என் கையில் வைத்துவிட்டு ஓடுவான். அழுதால் அதே கொட்டையைத் தன் கையிலும் வைத்துக்கொள்வான். குளுவாங் பள்ளிக்கூடத்துக்கு ஆறு மைல், அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் போனேன். மேடு வந்தால், “இறங்கு, மகாராணி,” என்பான்.

பிறகு அவன் அதே தோட்டத்தில் கிராணியானான். ஆபீஸ் கணக்கோடு, விடியற்காலைப் பெரட்டில் டாப்பு என்கிற பேர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் அவன் வேலை. கள்ளுக்கடைப் பழக்கமும் வந்தது. ஒரு பெரிய வெள்ளியன்று குடித்துவிட்டு ஆராதனைக்கு வந்தவனை அப்பா வாசலிலேயே நிறுத்தி, “தெளிஞ்ச பிறகு வா,” என்றார். சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் போய்விட்டான். மெர்சிங் போய்வந்த துணிக்காரர் ஒருவர் சொல்லித்தான் இருக்கும் இடம் தெரிந்தது. கடிதங்களுக்குப் பதில் இல்லை.

மெர்சிங் சேர மணி ஒன்றாகிவிட்டது. பெண்கள் கடைத்தெரு விடுதியில் தங்க வேண்டாம். அங்கே ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுக்கு என் தலைமையாசிரியை கடிதம் கொடுத்திருந்தார். அவர் மனைவி என்னைக் கண்டதும், “முதலிலை சாப்பிடுங்கோ பிள்ளை, பிறகு அழலாம்,” என்றார். நான் அழவே இல்லை. முகம் அப்படி இருந்திருக்கிறது.

படகுத்துறை பத்து நிமிட நடை. தவுக்கே என்று எல்லோரும் கூப்பிடும் சீன முதலாளியின் மீன் கொட்டகையில் அண்ணன் எடை எழுதிக்கொண்டிருந்தான். மெலிந்து, கறுத்துப் போயிருந்தான். என்னைப் பார்த்ததும் பென்சிலைக் காதில் செருகினான்.

“பி.ஏ. அம்மாவுக்கு மீன் வேணுமா?”

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வசனங்களோடு தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா கப்பலேறுவதையும் கடைசி ஆராதனையையும் மட்டும் சொன்னேன். அவன் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நான் வந்து என்ன பண்ணப் போறேன் பாப்பா? சபை டாப்புல எம்பேரு இருக்காது. பெரட்டுல மூணு தடவை கூப்பிட்டு ஆள் வரலன்னா நானே எத்தனை ஆளோட பேரை வெட்டியிருக்கேன்.”

அப்போதுதான் அவனுக்கு எது தெரியாது என்பது எனக்குப் புரிந்தது. எங்கள் சிற்றாலயத்திலும் ஆராதனைக்கு முன் பெரட்டு மாதிரியே பேர் கூப்பிடுவார்கள்.

“வெட்டல, அண்ணே. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை அப்பா உங்க பேரத்தான் மொதல்ல கூப்பிடுறாங்க. கூப்பிட்டுட்டு வாசலைப் பாப்பாங்க. அப்புறம்தான் அடுத்த பேரு.”

“நாலு வருஷமாவா?”

“நாலு வருஷமா.”

“யாரும் கேக்கலயா?”

“கங்காணி கேட்டாரு, இல்லாத ஆள எதுக்குக் கூப்பிடுறீங்கன்னு. இருக்கிற ஆள எதுக்குய்யா கூப்பிடணும்னாங்க அப்பா.”

 தவுக்கே உள்ளிருந்து சத்தம் போட்டார். அடுத்த கூடை தராசில் ஏறியது. அண்ணன் எண்ணை எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். வருகிறேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை இரண்டு முறை போனேன். கொட்டகையில் வேலை என்று சொல்லி அனுப்பினான். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் குளுவாங் பஸ். ஐம்பத்தைந்து மைல், ஒன்றரை வெள்ளி, ஜெமாலுவாங்கில் திரும்பும். அண்ணன் வருவான் என்று பஸ் புறப்படும்வரை கீழேயே நின்றேன். வரவில்லை. வீட்டில் அம்மாவிடம், நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொன்னேன். 

ஞாயிறு காலை ஒன்பது மணி. அப்பா சபை டாப்பைத் திறந்து, “தாவீது,” என்று கூப்பிட்டார். வாசலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். எல்லோரும் திரும்பினோம். குளுவாங் ஸ்டேஷனுக்கு மீன் கொண்டுவந்த லாரியில் அண்ணன் ஏறி வந்திருக்கிறான். சட்டையெல்லாம் மீன் வாடை. உள்ளே கால் வைக்காமல் படிக்குக் கீழே நின்றான்.

“இருக்கேன்பா,” என்றான்.

அப்பா டாப்பை மூடிவிட்டு இறங்கிப் போனார். இருவரும் உள்ளே வரச் சற்று நேரமாயிற்று. அதற்குள் கங்காணி என் பக்கம் குனிந்து, “நம்ம பேரெல்லாம் இன்னிக்கி கிடையாது போல,” என்றார். உண்மைதான். அன்று வேறு யாருடைய பேரையும் அப்பா கூப்பிடவில்லை. யாரும் குறையாக நினைக்கவுமில்லை. மந்தையை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பனைப் பற்றி அப்பா பலமுறை பிரசங்கித்திருக்கிறார். விட்டுவிட்டுப் போனவற்றுள் ஒன்றாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு சந்தோஷம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனி போகிறவர்களுக்கு: பஸ்ஸில் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் குறைவு. சில்லறையாகக் கொண்டுபோங்கள். பேச வேண்டியதை மனப்பாடம் செய்ய வேண்டாம். வீட்டில் நடப்பதைச் சொன்னால் போதும். நவம்பர் பிறந்தால் கிழக்குக் கரையில் மழை பிடித்துக்கொள்ளும், சாலை முழுகும், வாரக்கணக்கில் பஸ் ஓடாது. அந்தப் பக்கம் உங்களுக்கு யாராவது இருந்தால், மழைக்கு முன் போய்விடுங்கள்.