இடது பக்கத்துச் சிவப்பு பட்டன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது தொடங்கியது இது. கேரள எல்லையில், பாலக்காட்டுக்குப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் ஆபீசில் எனக்கு வேலை. வருகைப் பதிவு, லீவு, கையுறை வாங்கிக் கொடுப்பது, அடிபட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது எல்லாம் என் தலையில். எங்களிடம் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, அசாம் பக்கத்து ஆட்கள். மெஷின்களின் மேல் ‘ஓடும்போது தொடாதே’ என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருந்தோம். தேவைப்பட்டவர்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது.

எழுத்தே இல்லாமல், போனில் தட்டினால் அசைகிற படமாக இதைச் செய்ய முடியுமா என்று மேனேஜர் ஒரு நாள் கேட்டார். எனக்குக் கடிதம் டைப் செய்யத்தான் தெரியும். ஆனாலும் ஆகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஏதோ செய்வதைப் பார்த்திருந்தேன், அந்தத் தைரியம்தான்.

இப்படிப் படம் செய்கிற புரோகிராமில், கம்ப்யூட்டர் திரையில் கலர் கலராகக் கட்டைகள் இருக்கும். ‘தட்டினால்’ என்ற கட்டைக்குக் கீழே ‘பத்து அடி நகர்’ என்ற கட்டையைக் கொண்டுபோய் ஒட்டினால் பொம்மை நகரும். கேட்கச் சுலபம். நான் முதலில் செய்த ஆள் நடக்க ஆரம்பித்து, திரையை விட்டே வெளியே போய்விட்டான். திரும்பி வரவில்லை. “ஏம்மா, உங்க கம்பெனி ஆளு வேலைய உட்டுட்டு ஊட்டுக்குப் போயிட்டாரா?” என்று என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது நாள் மெஷினின் உருளை சுற்ற வேண்டிய இடத்தில் ஆள் சுற்றினான். மூன்றாவது நாள் இரண்டுமே சுற்றின. எனக்கு ரோசம் வந்துவிட்டது. மத்தியானச் சோற்றை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்துவிடுவேன்.

எடுத்துக்கொண்டது பசை மெஷினை. ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு சுற்றும் இரண்டு உருளைகள். நடுவில் அட்டை போனால் பசை தடவிக்கொண்டு வெளியே வரும். உருளையில் பசை காய்ந்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்திவிட்டுத்தான் துடைக்க வேண்டும், ஆனால் யாரும் நிறுத்துவதில்லை. ஓடும்போதே துணியை வைத்துத் துடைப்பார்கள். துணி மாட்டினால் கையும் கூடப் போகும். அந்த நேரத்தில் அடிக்கத்தான் ஒரு சிவப்பு பட்டன் இருக்கிறது, நிற்கிற ஆளுக்கு இடது பக்கத்தில்.

வேலை செய்கிற ஆளின் முதுகுப் பக்கத்திலிருந்து மெஷினைப் போனில் படம் பிடித்து, அதைப் பார்த்து அப்படியே வரைந்தேன். ஒருவன் வலது கையில் துணி வைத்துத் துடைக்கிறான். துணி மாட்டுகிறது. பார்க்கிறவர் சிவப்பு பட்டனைத் தட்ட வேண்டும். சரியாகத் தட்டினால் அவன் இடது கை நீண்டு பட்டனை அடிக்கும், உருளை நிற்கும், ஒரு நட்சத்திரம் வரும். தப்பாகத் தட்டினால் ஒரு மணி அடிக்கும்.

பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஃபோர்மேனுக்குக் காட்டினேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். நாலைந்து தரம் தட்டிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“எல்லாம் நல்லாருக்குதுங்க மேடம். ஆனா நல்ல நாளும் அதுவுமா மொதலாளி வந்து பாக்கறப்ப, ஆளு நொட்டாங்கைல அடிக்கற மாதிரி இருக்குதேங்க. சோத்தாங்கையா இருந்தா லட்சணமா இருக்குமுங்க.”

எனக்கும் அது உறைத்தது. இடது கையால் ஒரு பொருளை நீட்டினாலே அடி விழுகிற வீட்டில் வளர்ந்தவள் நான். மகள் ஏற்கனவே ஒரு பட்டனைக் காட்டிக் கொடுத்திருந்தாள். அழுத்தினால் படம் கண்ணாடியில் தெரிவதுபோல அப்படியே திரும்பிக்கொள்ளும். அழுத்தினேன். ஒரே தட்டில் ஆள் வலது கையால் அடித்தான். நன்றாகத்தான் இருந்தது.

பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுத்த பிறகு, என் படத்தைப் பெரிய டிவியில் போட்டார்கள். முதலாளி கை தட்டினார். எனக்கு ஒரு சேலை கொடுத்தார்கள். அந்த வாரம் நான் தரையில் நடந்ததாக நினைவில்லை.

பத்து நாள் கழித்து ஒடிசாவிலிருந்து ஒருவர் புதிதாக வந்தார். முப்பது வயதிருக்கும். எப்போதும்போல என் மேஜை முன்னால் உட்காரவைத்து, அவர் போனிலேயே படத்தைப் போட்டுக் கொடுத்தேன். ஆறு தரம் செய்தார். ஆறு தரமும் நட்சத்திரம். வேறு யாரும் இத்தனை அக்கறையாகச் செய்ததில்லை. அடுத்த நாள் பசை மெஷினில் விட்டார்கள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். கையுறைக் கட்டை எடுத்துக்கொண்டு நான் அந்தப் பக்கம் போனேன். மற்றவர்கள் செய்வதைப் பார்த்து அவரும் ஓடும் உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி மாட்டியது. வலது கையுறை உருளைக்குள் போகத் தொடங்கியது. அவர் இடது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வலது பக்கத் தகரத்தைப் பட் பட்டென்று தட்டினார். அங்கே வெறும் தகரம்தான் இருந்தது. திரும்பத் திரும்ப அதே இடத்தைத் தட்டினார்.

பக்கத்து மேஜையில் பெட்டி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரே ஓட்டமாக வந்து இடது பக்கத்துச் சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தார். உருளை நின்றது. நான் கையுறைக் கட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

கடவுள் புண்ணியம், கை தப்பியது. இரண்டு விரல்களில் தோல் உரிந்து வீங்கியிருந்தது, எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். மத்தியானம் கட்டுப் போட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது ஃபோர்மேன் மேனேஜர் அறையில் கத்திக்கொண்டிருந்தார். “எடது எது, வலது எதுன்னு தெரியாதவனயெல்லாம் மிசின்ல உட்டா இப்படித்தானுங்க ஆகும். ஊருக்குத் தாட்டி உட்ருங்க.” மேனேஜரும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கட்டுப் போட்ட கையோடு அந்த ஒடிசாக்காரர் என் மேஜைக்கு வந்தார். நல்ல கையால் தன் போனை எடுத்து என் படத்தைத் திறந்தார். கோபமே இல்லை, புரியாத பாடத்தைக் கேட்கிற மாதிரி முகம். படத்தில் பட்டன் இருந்த வலது பக்கத்தைத் தொட்டுக் காட்டி, “மேடம், மொபைல்ல இவிடே,” என்றார். பிறகு மெஷின் இருக்கும் திசையைக் காட்டி, “மெஷின்ல இல்லா,” என்றார்.

கையை மட்டும்தான் மாற்றினேன் என்று நினைத்திருந்தேன். பட்டனும் கூடவே இடம் மாறியிருக்கிறது. மெஷினில் பட்டனை இடது பக்கம் வைத்தவனுக்குக் காரணம் இருந்திருக்கிறது. வேலை செய்கிற கை வலது கை, மாட்டப்போவதும் அதுதான். அப்போது சும்மா இருக்கிற கைக்குப் பக்கத்தில் பட்டன் இருக்க வேண்டும். நான் லட்சணம் பார்த்தேன்.

அவருக்குத் தமிழ் தெரியாது, மலையாளமும் நாலு வார்த்தைதான். அவர் காட்டியதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் மறுநாள் அவர் ரயிலேறியிருப்பார், என் சேலைக்கும் ஒரு பங்கம் வந்திருக்காது. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

பிறகு எழுந்து போய்ச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பழைய படத்தையும் திருப்பிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இவர் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தார், தப்பு என் மேல் என்றேன். மேனேஜர் இரண்டு படங்களையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தார். ஃபோர்மேன் குரல் இறங்கி, “கையப் பத்திச் சொன்னது நாந்தானுங்க,” என்றார். அதற்கு மேல் ஒடிசாக்காரரை ஊருக்கு அனுப்புகிற பேச்சு எழவில்லை.

சாயங்காலம் பெட்டி மடிக்கும் அக்காவிடம் நன்றி சொல்லப் போனேன். அவர் சொன்னது இன்னொரு அடி. “மொத நாளே பாத்தனுங்க மேடம். பட்டன் பக்கம் மாறியிருக்குதேன்னு நெனச்சனுங்க. ஆபீஸ்ல போட்ட படம், நான் போய் என்னத்தச் சொல்றதுங்க?”

அதுவரை பல வருடமாக அவருக்குச் சம்பளச் சீட்டும் லீவுச் சீட்டும் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் எதைப் பற்றியும் அவரிடம் கருத்துக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

படத்தைத் திருத்த அதே ஒரு தட்டுதான் ஆனது. விரல் ஆறி அவர் வேலைக்குத் திரும்பிய அன்று போனைக் கொடுத்து, மெஷின் முன்னாலேயே நின்று பார்க்கச் சொன்னேன். முதலில் மெஷினை நோக்கி இடது கையை நீட்டிப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஏழு மெஷின்களுக்குப் படம் செய்துவிட்டேன். எதுவும் அவரும் அந்த அக்காவும் மெஷின் முன்னால் நின்று தட்டிப் பார்க்காமல் வெளியே போவதில்லை. அக்கா இப்போது தாராளமாகக் குறை சொல்கிறார். படத்தைத் திருப்பும் அந்த பட்டன் மேல் விரல் போகும்போதெல்லாம், வெறும் தகரத்தைத் தட்டிய அந்தக் கையின் சத்தம் இன்றும் எனக்குக் கேட்கிறது.