ஜப்பான் மாமாவின் லீவு

சித்திரை வெயிலில் நைலான் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடமிருந்து என்ன வாடை வரும் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரிந்துபோயிற்று. வாசனை சோப்பும் வியர்வையும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்த வாடைக்கு எங்கள் தெருக்காரர்கள் "ஜப்பான் வாசனை" என்று பெயர் வைத்து, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அனுபவித்தார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்போது வீட்டுக்கு வீடு தறி. பிறந்ததிலிருந்து பட்டைத் தவிர வேறெதையும் மதித்தறியாத அந்த ஜனம்தான் ஒரு நைலான் சட்டைக்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றது. நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்தச் சட்டைக்குள் இருந்தவர் என் அப்பாவின் தங்கை சிவகாமி அத்தையின் புருஷன். எங்களுக்கு "ஜப்பான் மாமா", தெருவுக்கு "மிலிட்டரிக்காரரு". மிலிட்டரி என்றதும் எல்லை, பனிமலை, துப்பாக்கி என்று எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். மாமா பட்டாளத்தில் டைப் அடிக்கிறவர். டோக்கியோவில் நம் தூதரகத்தில் இருந்த ஒரு ராணுவ அதிகாரிக்கு அவர் கிளார்க். அதிகாரி கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நாட்டுக்கு அவர் ஆற்றிய சேவை. கல்யாணமான மறு வருஷம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார். அறுபதுகளின் கடைசியில் ஒரு சித்திரை மாதம், இருவரும் லீவில் வந்து எங்கள் வீட்டு வாசலில் டாக்சியிலிருந்து இறங்கினார்கள். ஐயம்பேட்டையில் அவருக்குச் சொந்த வீடும் பெற்ற தாயும் இருந்தும், லீவு முழுவதும் எங்கள் வீட்டில்தான் டேரா. அங்கே அவரைப் பார்த்து வியக்க ஆள் போதாது என்பது என் அம்மாவின் கணிப்பு.

வந்த அன்றே பெட்டியைத் திறந்து பிரசாதம் மாதிரி விநியோகம் செய்தார். தறிக்காரன் வீட்டுப் பெண்களுக்கு நைலான் புடவை. அம்மா அதை இரண்டு விரலால் வாங்கி, "நல்லாருக்குதுங்க அண்ணா" என்று சொல்லிவிட்டு, மறுநாளே அரிசிப் பானைக்கு மூடித்துணியாகக் கட்டினாள். எனக்கு ஒரு பேனா. மை தீர்ந்ததும் அது செத்துப்போயிற்று, அதற்கு உயிர் கொடுக்கும் சாமான் காஞ்சிபுரம் ராஜவீதியில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு மட்டும் தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர். அப்பா அதைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அதுவரை நான் அவரைப் பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன்.

அதன்பின் மாமாவின் வாய் மூடவில்லை. இட்லிக்கு ஸ்பூன் கேட்டார். அம்மா எண்ணெய் எடுக்கும் கரண்டியைக் கொண்டுவந்து வைத்தாள், பிறகு அவர் கேட்கவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போய்வந்து, "அங்கெல்லாம் கோயில்ல ஒரு காக்கா எச்சம் பாக்க முடியாது" என்றார். ரயில் ஓடுகிற வேகத்தைச் சொல்லும்போது தண்டவாளத்தையே அவர்தான் போட்ட மாதிரி இருக்கும். லீவு நாளில் ஃபியூஜி மலைக்குப் போனதையும், பூ பூக்கும் மாதத்தில் மரத்தடியில் துணி விரித்துச் சாப்பிட்டதையும், வெந்நீர் ஊற்றில் குளித்ததையும் தினம் ஒரு கதையாக அவிழ்த்துவிட்டார். தெரு ஆண்கள் தறிக்குப் பாவு போடுவதைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வந்து "அப்டீங்களா, அப்டீங்களா" என்று கேட்டார்கள். அந்த "அப்டீங்களா" என்ற சொல்லை அப்போதிலிருந்து நான் வெறுக்கிறேன்.

அத்தையின் ஜப்பான் வேறாக இருந்தது. எனக்குத் தலை பின்னிவிடும்போது மட்டும் அது வெளியே வரும். ஃபியூஜி மலையைப் பற்றிக் கேட்டதற்கு, "எங்கடி பாத்தோம்? ஒரே மேகம் மூடிக்கினு கெடந்திச்சி. உங்க மாமா கண்ணாடிய தொடைச்சிக்கினே இருந்தாரு, அப்புறம் கட்டுச்சோத்த தின்னுட்டு பஸ்ஸேறிட்டோம்" என்றாள். குடியிருப்பில் மற்ற கிளார்க்குகளின் மனைவிகள் இந்தியில் பேசிக்கொண்டார்கள், அதிகாரிகளின் மனைவிகள் இங்கிலீஷில் பேசினார்கள், அத்தைக்கு இரண்டும் தெரியாது. குழாயில் தண்ணீர் உறைந்துபோகும் குளிரில் பாத்திரம் தேய்த்து, மாமாவின் சட்டைக்குப் பெட்டி போட்டு, பேச ஆளில்லாமல் முதல் வருஷம் முழுக்க அழுதிருக்கிறாள்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமையைக் கண்டுபிடித்தாள். ஞாயிறன்று மாமாவுக்குச் சீட்டுக் கச்சேரி. கூட்டாளிகள் வந்து உட்கார்ந்தால் இரவு வரை எழமாட்டார்கள். அத்தை தன் பாட்டுக்குக் கிளம்பி, பக்கத்து ஸ்டேஷனில் ரயிலேறி, எங்கேயாவது இறங்கி, தெருத்தெருவாக நடந்துவிட்டுத் திரும்பி வருவாள். குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைச் சுட்டு ராகமாய்க் கூவிக்கொண்டு போவார்களாம், அதை வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டால் உடம்பே சூடாகிவிடுமாம். "இங்க சன்னதித் தெருவுக்குப் போவணும்னா ஒரு தொணை வேணும். அங்க ஒருத்தன், ஒருத்தன் கேக்கலடி, நீ யாரு வூட்டுப் பொண்ணு, எங்க போறன்னு" என்று அவள் சொன்னபோது, பின்னலை இறுக்கின கை நின்றுவிட்டது. லீவு எப்போது முடியும் என்று அவள் காத்திருந்தாள். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். மற்ற யாருக்கும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மாமா பார்த்துப் பார்த்து அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். அமாவாசைக்கு எங்கள் பக்கம் தறியைத் தொடமாட்டார்கள். தலைக்குக் குளித்துப் படையல் போட்டுச் சாப்பிட்ட ஆண்களுக்கு மத்தியானத்துக்கு மேல் செய்ய ஒன்றும் இருக்காது. எங்கள் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருந்தது. கூட்டம் சேர்ந்ததும் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "உங்க பொண்ணு அங்க செஞ்ச கூத்த சொல்றேன் கேளுங்க" என்று ஆரம்பித்தார்.

ஜனவரியில் குடியரசு நாளுக்கு அந்த அதிகாரி வீட்டில் விருந்து. வடை சுட ஆள் வேண்டுமென்று அத்தையை வரச்சொல்லியிருந்தார்கள். வந்த விருந்தாளிகளில் ஒரு ஜப்பான்காரப் பெரிய மனுஷி, அவர்கள் ஊர் வழக்கப்படி உடம்பைச் சுற்றிப் பட்டு உடுத்தி, இடுப்பில் அகலமான பட்டுப் பட்டை கட்டி, அதை முதுகில் முடிந்திருந்தாள். "இவ வடைத் தட்ட கீழ வச்சிட்டா. வச்சிட்டு நேரா அந்தம்மா முதுகுப் பக்கம் போயி, அந்தப் பட்டைய புடிச்சித் திருப்பிப் பாக்குறா! எல்லார் எதிரேயும்!" என்று மாமா எழுந்து நின்று நடித்தே காட்டினார். அதிகாரியின் மனைவிக்குக் கோபம் தலைக்கேறி, மறுநாள் அதிகாரி மாமாவை மேஜைக்கு முன்னால் நிற்க வைத்து, பெண்டாட்டிக்கு நாகரிகம் கற்றுக்கொடுக்கத் துப்பில்லையா என்று கேட்டாராம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒருத்தி நல்ல புடவை கட்டி வந்தால், "எப்ப வந்த" என்று கேட்பதற்கு முன்னால் முந்தானையைப் பிடித்துத் திருப்பி மறுபக்கத்தைப் பார்ப்போம். முன்பக்கம் யார் வேண்டுமானாலும் மினுக்கிவிடலாம். நூல் எங்கே தொங்குகிறது, ஜரிகை எங்கே முடிந்திருக்கிறது என்பதெல்லாம் மறுபக்கத்தில்தான் தெரியும். மணையில் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பெண்ணின் புடவையையே திருப்பிப் பார்ப்பார்கள். பார்க்காமல் போனால்தான் அந்த வீட்டார் மனம் சுருங்கும். அத்தை செய்தது அதைத்தான்.

"அதனால இந்தத் தடவ நான் மட்டும்தான் போறேன். இவ இங்கியே இருக்கட்டும். நாலு பேரு மத்தியில எப்டி நடந்துக்கணும்னு கத்துக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று முடித்தார் மாமா. அத்தை சமையலறை வாசற்படியில் காபி டம்ளர்களோடு நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அது அப்போதுதான் தெரியும்.

கூடத்தில் அத்தனை பேர். கூடப் பிறந்த அண்ணன் ஒருவர், அவளைத் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லித் திரிகிற எதிர்வீட்டுக் கன்னியப்ப முதலியார் ஒருவர். யாராவது ஒருவர், "என்னா மாப்ளே பேசுற" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். மாமா எதிர்த்துப் பேசும் ஆளுக்கு முன்னால் அடங்கிப்போகிற ரகம், மேஜைக்கு முன்னால் நின்ற கதையிலேயே அது தெரியவில்லையா? கன்னியப்ப முதலியார்தான் முதலில் வாயைத் திறந்தார். அத்தையின் பக்கம் திரும்பி, ஆவலோடு கேட்டார்.

"ஏம்மா, பின்பக்கம் எப்டிமா இருந்திச்சி?"

"முன்னாடி மாதிரியே இருந்திச்சிங்க மாமா. ஒரு நூலு தொங்கல" என்றாள் அத்தை.

அவ்வளவுதான், கூடம் கலகலவென்று ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எப்படி வரும், குறுக்கே ஓடும் ஊடை நூலை அங்கங்கே கையால் திருப்பியிருப்பானா, அப்படிச் செய்தால் ஒரு முழம் நெய்ய எத்தனை காலம் ஆகும் என்று தொடைதட்டி வாதாடினார்கள். பட்டை எவ்வளவு அகலம், கனமா லேசா, ஜரிகை உண்டா என்று அத்தையை மாற்றி மாற்றிக் கேட்டார்கள்; அவளும் நின்ற இடத்திலிருந்தே கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். அவள் வாழ்க்கையை ஒருத்தர் அப்போதுதான் நடுக்கூடத்தில் போட்டு உடைத்திருந்தார். அதைத் தாண்டிக் காலை எடுத்து வைத்துப் போய், எங்கள் ஆண்கள் ஊடையையும் பாவையும் பேசினார்கள். தொழில் பக்தி என்று இதற்குப் பெயர் சொல்லுகிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு அதைச் சொல்ல வாயில் வேறு வார்த்தை வருகிறது, அச்சில் போடமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் அப்பா டிரான்சிஸ்டரின் முதுகைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். அம்மா வந்து நின்றாள். "கூடப் பொறந்தவள அந்தாளு வுட்டுட்டுப் போறன்றாரு. நீங்க பேட்டரி கட்டைய மாத்திக்கினு இருக்கீங்க" என்றாள். அப்பா முள்ளைத் திருப்பி இலங்கை நிலையத்தைத் தேடினார். அது கிடைத்தது.

மாமா போனார். அத்தை எங்கள் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்து பட்டுக்கு இழை சேர்த்தாள். டோக்கியோ வேலை முடிந்து அவரை வடக்கே ஒரு கண்டோன்மென்டுக்கு மாற்றிய பிறகு, ஆக்கிப்போட ஆள் வேண்டியிருந்ததால் வந்து கூட்டிப்போனார். ஜப்பானுக்கு அவள் திரும்பப் போகவே இல்லை. பென்ஷன் வாங்கி ஐயம்பேட்டைக்கு வந்து சேர்ந்த மாமா, கல்யாணமோ காதுகுத்தோ எங்கே பந்தல் போட்டாலும் முன்வரிசையில் உட்கார்ந்து அந்த வடைத் தட்டுக் கதையைச் சொன்னார். வருஷம் ஏற ஏறக் கதையில் தூதர் வந்தார், மந்திரி வந்தார், ஜப்பான் ராஜவம்சத்து அம்மாள் ஒருத்தியும் வந்தாள். என் கல்யாணத்திலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை எல்லோருக்கும் காபி கொண்டுவந்தாள்.

இப்போது அந்தக் கூடம் இல்லை. பட்டுப்புடவைக் கடைக்கு வருகிற கார்கள் அந்த இடத்தில் நிற்கின்றன. அப்பாவும் கன்னியப்ப முதலியாரும் போய்ச் சேர்ந்தார்கள். ஜப்பான் என்றால் வாயைப் பிளக்கும் ஜனமும் இல்லை, தெருவுக்கு நாலு பிள்ளைகள் விமானம் ஏறி இறங்குகிறார்கள். போன தை மாதம் மாமாவும் போய்விட்டார். கருமாதி அன்று பந்தியெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தபோது, செத்தவரைப் பெருமைப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒரு தூரத்து உறவுக்காரர் அந்தக் கதையை எடுத்தார். "நம்ம அத்த போயி அந்தம்மா முதுகுல..." என்று அவர் எழுந்து நடிக்க ஆரம்பித்தபோது, மூலையில் சுவரோடு சாய்ந்திருந்த அத்தை, சண்டை போடுகிற குரலே இல்லாமல் சொன்னாள்.

"நான் எங்க புடிச்சேன்? பாத்துக்கினு நின்னேன். அந்தம்மாவே திரும்பி நின்னு, முடிச்ச தளத்தி, என் கைய எடுத்து அது மேல வச்சிச்சி. என் முந்தானைய அது புடிச்சிப் பாத்திச்சி. ரெண்டு பேரும் சிரிச்சிக்கினு இருந்தோம். அதான் அதிகாரி பொண்டாட்டிக்குப் பொறுக்கல, வடை சுட வந்தவகிட்ட இன்னா பேச்சுன்னு. ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வான்னு பாதி பேச்சு பாதி சாடையில சொல்லிட்டு, எத்தனாவது ஸ்டேசன்ல எறங்கணும்னு அந்தம்மா வெரல நீட்டி எண்ணிக் காட்டிச்சி. அந்த ஞாயித்துக்கெழமையிலேர்ந்துதான் உங்க மாமா என்ன வெளிய வுடல. லீவு முடிஞ்சி அங்க போனா வுடுவாருன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

நடிக்க எழுந்தவர் உட்கார்ந்தார். நான் அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அன்னிக்கே கூடத்துல சொல்லியிருக்கலாமே அத்த" என்றேன்.

அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். "யாருடி கேட்டாங்க? பின்பக்கம் எப்டி இருந்திச்சின்னு கேட்டாங்க. அத சொன்னேன்."