தோற்க வேண்டிய கோடு

அலுவலகத்தில் அந்த வரைவாளருக்கு நெளிகோடு என்று பெயர். புறவழிச்சாலைத் திட்டம் என்றால் மூன்று பாதைகளையாவது ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்பது விதி. முதல் இரண்டை மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். மூன்றாவது சும்மா ஒப்புக்கு; பார்த்ததுமே எவரும் அதைத் தள்ளிவிட வேண்டும். இருபத்தாறு வருடமாக அதை வரைந்தவர் அவர். ஒன்றுகூடத் தேறியதில்லை.

"நம்ம நெளிகோடு போட்ட ரோட்டுல மாடுகூட நடக்காது" என்று மேலதிகாரி தோளில் தட்டுவார். அவரும் சிரித்துவைப்பார்.

கடைசியில் அவர் பிறந்த ஊருக்கே ஒரு சாலைத் திட்டம் வந்தது. முதல் கோடு நூற்பாலை நிலத்தில், இரண்டாவது ஏரிக்கரையில். மூன்றாவதை, அங்கேயே குடியிருந்த தன் அக்காவின் தெரு வழியே இழுத்தார். நாற்பது வீடுகள், செலவு ஏறும். பத்தாததற்கு, அக்கா வீட்டுக் கொல்லையில் எப்போதோ மூடிய கிணற்றையும் தடையாகக் குறித்தார். எல்லாவற்றுக்கும் மேல் அக்காவின் வாய். தண்ணீர் லாரி ஐந்து நிமிடம் பிந்தினாலே ஓட்டுநரை அழவைப்பவள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவள் எழுந்தால் போதும், கோடு அன்றைக்கே செத்துவிடும்.

கூட்டத்துக்கு ஆலைக்காரர்கள் வக்கீலோடு வந்தார்கள். ஏரிப் பாசனக்காரர்கள் லாரி லாரியாக வந்தார்கள். தெருக்காரர்கள் அக்காவின் முகத்தையே பார்த்தார்கள். அவள் சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். வாயைத் திறக்கவில்லை; அவள் எழாததால் தெருக்காரர்களும் எழவில்லை. பின்வரிசையில் இருந்த அவருக்கும் நாக்கு எழவில்லை. மூன்றாம் பாதைக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்; அதுவே தேறியது.

வீடு போனதும் அக்கா அவரிடமே வந்து சேர்ந்தாள். இரண்டு வருடம் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் படுத்த படுக்கையான பிறகு, ஒருநாள் மாத்திரையைக் கொடுத்தபடி அவர் கேட்டார்.

"ஏன்க்கா அன்னிக்கு நீ ஒண்ணுமே பேசல?"

"படத்துல நம்ம கெணறு இருந்துச்சுடா. மூடின கெணறு அங்க இருக்குன்னு உன்னையும் என்னையும் விட்டா எவனுக்குத் தெரியும்? தம்பி போட்டதை நானே வேணாங்குறதா? உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"நீ போட்டா ஒரு காரணம் இருக்கும்னு நெனச்சேன். இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுக்கா."

அவள் தலையசைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆறாம் நாள் அவளை ஊர்ச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோன வண்டி புதுச்சாலையில் எங்கும் நிற்காமல் போனது. கிணறு இருந்த இடத்தைக் கடந்தது அவருக்கு மட்டும் தெரிந்தது.