பனச்சமூட்டில் வெட்டாமல் விட்ட வவ்வால் மரம்

"சனிக்கிழமை வவ்வால் மரத்த வெட்டுறோம். பாக்கணும்னா முந்தின நாளே வந்துரு மக்கா" என்று கல்லூரித் தோழி ஜெபா போனில் சொன்னாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரை மருதமரத்தில் பழந்தின்னி வவ்வால்கள் கூட்டமாகத் தொங்கும். வருஷக்கணக்காக ஆசை காட்டியவளே அவள்தான். ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நாகர்கோவிலில் காலை ஆறு மணி பஸ். களியக்காவிளையில் மாறி, கேரள எல்லையிலுள்ள பனச்சமூட்டில் இறங்கினேன். வழியெல்லாம் ரப்பர், கொஞ்சம் மரச்சீனி என்கிற மரவள்ளி, மறுபடி ரப்பர். ஆட்டோவுக்கு அறுபது ரூபாய். டிரைவர் தமிழில் பேரம் பேசி மலையாளத்தில் ஒத்துக்கொண்டார்.

ஜெபா முகம் வாடியிருந்தது. கிணற்றடி ரம்புட்டான் பழமரத்துக்குப் போட்ட வலையில் போன வாரம் ஒரு வவ்வால் சிக்க, அவள் கணவர் ஸ்டான்லி வெறுங்கையால் எடுத்துவிட்டிருக்கிறார். விரலில் கீறல். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டாயிற்று, காய்ச்சலும் இல்லை. ஆனால் வவ்வால் பரப்பும் நிப்பா வைரஸ் பயத்தில் இவளுக்குத்தான் தூக்கம் போயிற்று.

"மரம் போனா சனியனும் போவும்" என்றாள்.

"எங்க போவும்? மேட்டு விளைத் தோட்டத்துல அத்தி நின்னப்போ இதுவ வீட்டுப் பக்கம் வந்தது உண்டா? நாமதான் வெட்டி ரப்பர் வச்சோம். ரப்பர்ல என்னத்தத் தின்னும்? வயித்துப்பாட்டுக்கு வருதாக்கும்" என்றார் ஸ்டான்லி.

இரை குறைந்து, விரட்டப்பட்டுத் திரியும் வவ்வால்களிடமிருந்து கிருமி வெளிப்படும் வாய்ப்பு கூடுதல் என்று படித்ததை நானும் சொன்னேன். ஜெபா கிணற்றடி ரம்புட்டானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை மரம் வெட்டுகிறவர் மரமறுக்கும் வாளோடு வந்தார். ஜெபா அவரை ஓடைக்கரைக்கு விடவில்லை. மகள் பிறந்த வருஷம் தன் கையால் நட்ட ரம்புட்டானைக் காட்டி, "இத வெட்டுங்க அண்ணா, இதத் தின்னத்தான வீட்டுப் பக்கம் வருது" என்றாள். பாதிப் பழம் சிவந்திருந்தது. ஸ்டான்லி தடுத்துப் பார்த்தார். "பழம் வேணும்னா காசு குடுத்து வாங்கலாம். நீங்க வேணும் எனக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு ஓடைக்கு இக்கரையிலேயே நின்று பாருங்கள். கல் எறிய வேண்டாம், பட்டாசு வேண்டாம், கடிபட்டு விழுந்த பழத்தைத் தொட வேண்டாம். மேட்டு விளையில் நாலு வரிசை ரப்பரை எடுத்துவிட்டு ஸ்டான்லி அத்திக் கன்று வைத்திருக்கிறார். அது காய்த்து வவ்வால்கள் அங்கே திரும்பும்வரை ஜெபா வீட்டுக்கு யாரும் ரம்புட்டான் வாங்கிக்கொண்டு போய்விடாதீர்கள். நான் போன மாதம் கொண்டுபோனேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள்.