திரையின் அடியில் ஒரு வரி

"என்ன கண்ணு, இன்னிக்கு மெஷின் உன்னை என்ன பாடு படுத்துது?"

காலை ஆறே முக்கால். மிஸ் ஒடெஸ்ஸா ப்ரூயிட் இன்னும் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. கைப்பை தோளிலேயே தொங்குகிறது. தொலைபேசி மட்டும் காதுக்கு வந்துவிட்டது. மறுமுனையில் ஏதோ ஒரு படைமுகாமின் குமாஸ்தா. தினம் ஒருவர் கணக்கு. இன்றைக்கு ஜார்ஜியா என்றால் நாளைக்கு டெக்சஸ். புதிதாக மாட்டிக்கொண்டவர்கள், எல்லாம் நன்றாகத்தான் ஓடுகிறது என்று மரியாதைக்குச் சொல்லிப் பார்ப்பார்கள். "நல்லா இருக்குன்னு கேக்கறதுக்கா விடிஞ்சதும் விடியாததுமா போன் பண்றேன்? திட்டும்மா, எழுதிக்கறேன்" என்பார். திட்டுவார்கள். பென்சிலால் எழுதிக்கொள்வார். வைக்கும்போது, இந்தச் சங்கதியை நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்று ஒரு நன்றி. அது வாய் வார்த்தையில்லை என்பது கேட்பவர்களுக்குத் தெரியும்.

அவர் பதவியின் பெயரை அட்டையில் அச்சடித்தால் இரண்டு வரி பிடிக்கிறது. சுருக்கமாகச் சொன்னால், படையின் அலுவலக வேலைகளுக்கான கணினி அமைப்புகளை வெளிக் கம்பெனிகளிடம் செய்யச் சொல்லி வாங்குவதும், வாங்கியது உருப்படியாக ஓடுகிறதா என்று பார்ப்பதும். துப்பாக்கி, விமானம், ஏவுகணை ஒன்றும் கிடையாது. யார் எங்கே பணியில் இருக்கிறார், யாருக்கு எத்தனை நாள் விடுப்பு, யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் யாரிடம் போய்ச் சொல்வது: இந்த மாதிரி சமாசாரங்கள்தான். தேவாலயத்தில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "ஆபீஸ் வேலைதான்" என்று சொல்லிவிட்டுச் சோள ரொட்டித் தட்டை நீட்டுவார். ஐம்பத்தெட்டு வயது. பதினாறு வருஷம் சீருடையில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் வேலை பார்க்கும் அலபாமா முகாமில் கர்னல்கள்கூட அவரை "மிஸ் ஒடெஸ்ஸா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கம்பெனிக்காரர்கள் வண்ணப் படங்களோடு வந்து இறங்குவார்கள். அம்புக்குறி, வட்டம், மேகம் என்று திரை நிறையும். மிஸ் ஒடெஸ்ஸா இரண்டாவது படத்திலேயே எழுந்து நின்றுவிடுவார். "படம் காட்டாதீங்கப்பா, ஓட்டிக் காட்டுங்க." ஓட்டிக் காட்ட ஒன்றும் கொண்டுவராதவர்கள் வந்த வழியே போக வேண்டியதுதான். ஒப்பந்தம் படிக்கும்போது மட்டும் மேசை இழுப்பறையிலிருந்து வேகவைத்த வேர்க்கடலை வெளியே வரும். ஒரு பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. தோலைப் பார்த்தே எத்தனை பக்கம் முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

லைல் ஹாட்சர் அவருக்கு எதிர்த் தரப்பு. புதிய ஆள்விவர அமைப்பைச் செய்துகொடுக்கும் கம்பெனியின் பொறுப்பாளர். சிவத்த கழுத்தும் எப்போதும் தலையில் தொப்பியுமாக ஓர் ஆபர்ன் பல்கலைக்கழகத்துக்காரர். மிஸ் ஒடெஸ்ஸா அலபாமா அணியின் பக்தை. அந்த ஊரில் கால்பந்தில் இந்த இரண்டு கட்சிக்கும் ஏழாம் பொருத்தம் என்பதைச் சொல்லவா வேண்டும். ஆறு வருஷமாக ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே வேலை பார்த்தார்கள். ஆனால் அவர் வாங்கித் தந்த டீயை இந்த அம்மா ஒரு நாளும் தொட்டதில்லை. ஒப்பந்தக்காரர் கையால் ஒன்றும் வாங்கக் கூடாது என்பது விதி. விதி என்றால் அவருக்கு விதிதான்.

அந்த ஆறு வருஷ வேலை முடியும் வாரம் வந்தது. நாற்பது வருஷப் பழைய அமைப்பை அணைத்துவிட்டுப் புதியதை ஏற்க வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு சோதனை; நானூற்றுப் பன்னிரண்டும் தேறிவிட்டது. வெள்ளிக்கிழமை மிஸ் ஒடெஸ்ஸா கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஏற்கெனவே இரண்டு முறை தவணை வாங்கியாயிற்று. மூன்றாம் முறை வந்து நின்றால் திட்டத்தையே ஊற்றி மூடிவிடுவோம் என்று வாஷிங்டன் மறுஆய்வுக் குழு எழுத்திலேயே சொல்லியிருந்தது. மூடினால் ஆறு வருஷ உழைப்பும் போச்சு, நாற்பது பேர் வேலையும் போச்சு.

செவ்வாய்க்கிழமை காலை வழக்கம்போல் ஒரு தொலைபேசி. வடக்கே டகோட்டாவில் ஒரு பனிக்காட்டு முகாம். சார்ஜென்ட் கெஸ்லர் என்ற குமாஸ்தா. மிஸ் ஒடெஸ்ஸாவே ஒரு காலத்தில் நாலு வருஷம் நடுங்கிக்கொண்டு வேலை பார்த்த இடம் அது. புதிய அமைப்பின் முன்னோட்டப் பிரதியை கெஸ்லர் முதல் நாள்தான் திறந்து பார்த்திருந்தாள். எல்லாம் ஜோர், வேகமாக இருக்கிறது என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"கீழ இருக்குமே மேடம், பேர் இல்லாத வரி... அது மட்டும் எல்லாருக்கும் காலியா இருக்கு. அப்புறமா ஏத்துவீங்களா?"

"எந்த வரி கண்ணு? பழைய மெஷின்ல இருக்கறதை அப்படியே படி."

கெஸ்லர் ஒரு படைவீரரின் பதிவைத் திறந்து படித்தாள். "அம்மாவுக்குக் காது கேளாது. மணி அடிக்க வேண்டாம். பின்பக்கம் சமையலறை ஜன்னலுக்குப் போய் பின்வாசல் விளக்கை மூன்று முறை போட்டு அணைக்கவும். அவர் பார்க்கும்வரை காத்திருக்கவும்." அதோடு நிறுத்தவில்லை. "கடைசியில ஓ.பி.ன்னு இருக்கு மேடம். எழுதினவங்க யாரோ, இருபத்து மூணு வருஷம் ஆச்சு. அந்தப் படைவீரர் இன்னும் சர்வீஸ்லதான் இருக்கார்."

மிஸ் ஒடெஸ்ஸா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓ.பி. என்றால் ஒடெஸ்ஸா ப்ரூயிட்.

நடந்தது இதுதான். பழைய அமைப்பில் கட்டங்கள் கறாரானவை. உறவினர் பெயர், விலாசம், தொலைபேசி. அதற்குமேல் ஒரு எழுத்து ஏறாது. ஆனால் வீடு என்று இருந்தால் கட்டத்துக்குள் அடங்காத விஷயம் நாலு இருக்குமே. குமாஸ்தாக்கள் பார்த்தார்கள், திரையின் அடியில் சும்மா கிடந்த வெற்று வரியில் எழுத ஆரம்பித்தார்கள். எழுதியவர் யாரென்று தெரிய முதலெழுத்தும் போட்டார்கள். யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் உத்தரவு போடவில்லை. கணினி செய்த பொறியாளர்களுக்கோ அது "வெற்றிடம் 3". பழைய தகவல்களைப் புதியதற்கு மாற்றப் போட்ட பட்டியலில் இரண்டாயிரம் கட்டங்களுக்கு நடுவே "வெற்றிடம் 3, பயன்பாட்டில் இல்லை" என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தின் அடியில் அரசாங்கத் தரப்பில் கையெழுத்து: ஒடெஸ்ஸா ப்ரூயிட். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நானூற்றுப் பன்னிரண்டு சோதனையும் எழுதப்பட்டது. பிறகு தேறாமல் என்ன செய்யும்?

பதினோராயிரத்துச் சொச்சம் குடும்பங்களைப் பற்றிய வரிகள். வெள்ளிக்கிழமை பழையதை அணைத்தால் அத்தனையும் போய்விடும். அதன் பிறகு என்றோ ஒரு நாள் சீருடையில் இரண்டு பேர் துக்கச் செய்தியோடு ஒரு வீட்டு வாசலில் நின்று மணியடித்துப் பார்த்து, யாரும் இல்லை என்று திரும்பிப் போவார்கள். உள்ளே ஒரு தாய் சமைத்துக்கொண்டிருப்பாள்.

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. "புழக்கத்தில் உள்ள தகவல் அனைத்தும் மாற்றப்பட வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, இது கம்பெனியின் குறை என்று எழுதிவிட்டால் அவர்கள் தலையில் விழும். அரசாங்கம் கையைத் துடைத்துக்கொள்ளலாம். சட்ட ஆலோசகர் அதைத்தான் சொன்னார், அதுவும் நல்ல எண்ணத்தில். கம்பெனியில் யார் தலை உருளும் என்பது மிஸ் ஒடெஸ்ஸாவுக்குத் தெரியும்.

லைல் ஹாட்சருக்கும் தெரியும். புதன்கிழமை அவர் தானாகவே வந்தார். பையன்களை வைத்துச் சத்தமில்லாமல் தான் செய்துகொடுத்துவிடுவதாக ஆரம்பித்தார். மிஸ் ஒடெஸ்ஸா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். நிஜமாகவே பொத்திக்கொண்டார். "லைல், சும்மா செஞ்சு தரேன்னு நீ சொல்லி, அது என் காதுல விழுந்தாலே தப்பு. வெளியில போ. நாளைக்கு மீட்டிங்குக்கு வா."

வியாழக்கிழமை கூட்டம். சுவரிலிருந்த திரையில் வாஷிங்டன் குழுத் தலைவர் டென்ஹாம். சுற்றி வளைத்துப் பேசுகிற மனிதர் இல்லை. இது ஒப்பந்தக்காரரின் குறைதானே என்று எடுத்த எடுப்பில் கேட்டார். லைல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸ் ஒடெஸ்ஸா எழுந்து நின்றார். பட்டியலின் அந்தப் பக்கத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தார். "இல்ல சார். இது என் கையெழுத்து. அந்த வரியில எழுதினவளும் நான்தான், அதை யாரும் பயன்படுத்தலைன்னு எழுதிக் குடுத்தவளும் நான்தான். அவங்க நாங்க கேட்டதைச் செஞ்சிருக்காங்க. நாங்கதான் கேக்கல."

பிறகு கெஸ்லர் படித்த வரியை அப்படியே படித்துக் காட்டினார். திட்டத்தை மூடுவதானால் மூடிவிடுங்கள், ஆனால் இதை விட்டுவிட்டு நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார்.

டென்ஹாம் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். அப்புறம், ஆறு வருஷத்தில் இந்தக் குழுவுக்கு முன்னால் தன் தப்பு என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் என்றார். தொண்ணூறு நாள் கொடுத்தார். முறைப்படி ஒரு கண்டனக் கடிதமும் கொடுத்தார். இரண்டுக்கும் சேர்த்து மிஸ் ஒடெஸ்ஸா ஒரே நன்றியைச் சொன்னார். அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். வேர்க்கடலைப் பொட்டலம் முழுக்கக் காலியானது அன்றுதான்.

மறுநாள் லைல் ஹாட்சர் அலுவலகத்துக்கு வந்தபோது முகாமே வாசலுக்கு வந்து பார்த்தது. மனிதர் அலபாமா அணியின் ரத்தச் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பரிசு கொடுக்கத்தான் விதி தடுக்கிறது. சட்டைக்கு விதி ஏது? மிஸ் ஒடெஸ்ஸா மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கலர் உனக்குச் சேரல" என்றதோடு சரி.

வேலை முறைப்படி, எழுத்துப்பூர்வமாக நடந்தது. மாறி வந்த வரிகளில் இருநூறைச் சரிபார்த்தால் போதும் என்பது சோதனை விதி. மிஸ் ஒடெஸ்ஸா பதினோராயிரத்தையும் பார்க்கச் சொன்னார். அடேயப்பா, என்ன வேலை! நாடு முழுக்க குமாஸ்தாக்கள் தங்கள் முகாமின் வரிகளைப் பார்த்தார்கள். வீடுகளுக்குப் பேசி, இன்னும் அப்படித்தானா என்று கேட்டு, சரியென்றால் பக்கத்தில் தங்கள் முதலெழுத்தையும் போட்டார்கள். 'நாய் கடிக்கும், பெயர் பிஸ்கட், பெயர் சொன்னால் விட்டுவிடும்.' 'தாத்தாவுக்கு இதயநோய், முதலில் மருமகளிடம் சொல்லவும்.' 'ஸ்பானிஷ் மட்டும்தான். பாதிரியாரைக் கூட்டிப்போகவும்.' மத்தியானங்களில் மிஸ் ஒடெஸ்ஸா அவற்றைப் படித்துக்கொண்டே இருப்பார். முகம் தெரியாத இத்தனை பேர் வேலை நேரத்தில் இரண்டு நிமிஷம் திருடி, முகம் தெரியாத ஒரு வீட்டுக்காக எழுதி வைத்திருக்கிறார்களே என்று மாய்ந்து போவார். தானும் அதில் ஒருத்தி என்பது அவருக்கு நினைவே வராது.

எண்பத்தேழாம் நாள் காலை பழைய அமைப்பை அணைக்க எல்லோரும் கணினி அறையில் கூடினார்கள். அணைக்கும் விசையைத் திட்டத் தலைவர்தான் தொட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். தலைவரான மிஸ் ஒடெஸ்ஸா தொடவில்லை. முதலில் கெஸ்லரைக் கூப்பிடுங்கள், புதிய மெஷினிலிருந்து அந்த வரியைப் படிக்கட்டும் என்றார். தொலைபேசியை அவர் காதில் வைத்துக்கொண்டிருந்தாலும், அந்த அமைதியில் கெஸ்லரின் குரல் பக்கத்தில் நின்ற லைலுக்கும் கேட்டது. காது கேளாத அம்மா, சமையலறை ஜன்னல், மூன்று முறை விளக்கு. ஒரு சொல் குறையவில்லை.

"நேத்து அந்தப் படைவீரர்கிட்ட பேசிட்டேன் மேடம்" என்றாள் கெஸ்லர். "அம்மாவுக்கு வயசு எண்பத்தாறாம். அதே வீடு, அதே ஜன்னலாம். அந்த ஓ.பி. பக்கத்துல என் எழுத்தையும் போட்டுக்கட்டுமா?"

மிஸ் ஒடெஸ்ஸா தலையை ஆட்டினார். பதில் வராததால் கெஸ்லர் மறுபடி, "மேடம்? இருக்கீங்களா?" என்றாள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, கன்னம் நனைய, இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார். கடைசியில் லைல்தான் குனிந்து தொலைபேசியருகே வாயைக் கொண்டுபோய், "போட்டுக்கோம்மா, தலையாட்டிக்கிட்டே இருக்காங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது.