பொன்னியம்மாளின் விரால் ஆசை

பொன்னியம்மாளுக்கு நாக்கு நீளம். பேச்சிலும் சரி, ருசியிலும் சரி. காஞ்சிபுரத்தில் கோயிலும் பட்டுத்தறியும் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாக்காரர்களுக்கு முசரவாக்கத்தில் அவள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. வேனில் கூட்டி வருபவன் அவள் மகன் ஜெபகுமார். முன்பெல்லாம் ஒரே கண்டிஷன்தான்: பிளாஸ்டிக் கூடாது, குப்பை கூடாது, வந்த சுவடே தெரியாமல் போக வேண்டும். அவர்களும் சமர்த்தாக இலையில் சாப்பிட்டுப் போனார்கள். ஊர் மட்டும் இருந்தபடியே இருந்தது. வீட்டுக்குப் பின்னாலிருந்த சின்ன ஏரியான தாங்கல், தண்ணீரையே மறந்து சீமைக் கருவேலங்காடாய்க் கிடந்தது.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அப்பா தேவசகாயத்தின் நினைவு வரும். மழை ஓய்ந்ததும் நீரின்மேல் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள் மொய்க்கும். அடியில் தாய் காவலிருக்கும். அது குஞ்சுகளை விட்டு நகராது என்பதால் அப்பா அங்கேயே தூண்டில் போடுவார். அம்மா மண்சட்டியில் வைத்த குழம்பு தெருவையே இழுக்கும். அந்த ருசி மார்க்கெட் மீனில் வரவேயில்லை. சாவதற்குள் ஒரு தடவை அதைச் சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

சில வருஷங்களுக்கு முன் சுற்றுலா கம்பெனியிலிருந்து திரிஷா என்ற பெண் வந்தாள். "கெடுக்காம போனா மட்டும் போதாதுமா. நாங்க வந்த இடம் முன்னவிட நல்லா ஆகணும்" என்றாள். அன்றிலிருந்து கட்டணத்தில் ஒரு பங்கு தாங்கலுக்குப் போனது. ஊரார் முள்ளை வெட்டினார்கள். விருந்தாளிகள் வரத்துக்கால்வாயில் மண் அள்ளினார்கள்.

"சாமி கும்புட வந்தவங்கள கூடை தூக்க வச்சிக்கினு இருக்கிறியே, உனக்கே நல்லா இருக்குதா?" என்று மகனைக் கேலி செய்தாள் பொன்னியம்மாள். ஆனால் மண் அள்ளிய களைப்பில் அவர்கள் இரண்டாம் தரம் சோறு கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது.

போன மழையில் தாங்கல் நிரம்பியது. கால்வாய் வழியே மீனும் ஏறி வந்தது. ஒரு நாள் காலையில் ஜெபகுமார் ஓடி வந்தான்.

"எம்மா, வெரால் குஞ்சு மொய்ச்சிக்கினு இருக்குது. தூண்டில் எடுத்துக்கினு வரவா? இன்னிக்கி வர்றவங்களுக்கும் கொழம்பு வச்சிடலாம்."

அவள் கரையில் போய் உட்கார்ந்தாள். சின்ன வயதில் பார்த்த அதே சிவப்பு. அடியில் கருப்பாய் ஒரு முதுகு புரண்டது. எச்சில் ஊறியது. அப்பா தாய் மீனைத் தூக்கிய பிறகு அந்தக் குஞ்சுகள் என்ன ஆயின என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. விராலுக்குப் பஞ்சமில்லாத காலம் அது. இப்போது கண்ணில் பட்டிருப்பது இந்த ஒன்றுதான்.

"வாணாம்பா. ஆத்தாள புடிச்சிட்டா இதுங்கள மத்த மீனு தின்னுடும்."

"நீதானம்மா இத்தினி வருசமா கேட்டுக்கினு இருந்த?"

"இன்னமும்தான் நாக்கு கேக்குது." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ போயி கத்திரிக்கா வாங்கியா. அவங்க வர்ற நேரமாச்சி."

அவன் கத்தரிக்காயோடு திரும்பி வரும்வரை அவள் கரையை விட்டு எழுந்திருக்கவில்லை. கொக்கு ஏதாவது இறங்கிவிட்டால்?